அகஸ்டினா பார்க்காத மாயப்படம்

அகஸ்டினாவுக்கு ஒன்பது வாத்தியங்களுக்கு இசை எழுதத் தெரியும். வாசித்தது ஒன்றே ஒன்றுதான், கன்னியர் மடத்துக் கோவிலின் ஆர்மோனியம். மற்றவற்றில் கார்னெட்டையும் டிரம்மையும் திருநாள் ஊர்வலமான சுற்றுப்பிரகாரத்தில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். டிராம்போன் என்ற ஒன்றைப் புத்தகத்துப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனாலும் எந்த வாத்தியம் எந்த சுரத்துக்கு மேலே போனால் மூச்சு முட்டும் என்பது அவளுக்குத் தெரியும். மடத்து அலமாரியில் கிடந்த ஒரு தடித்த பிரெஞ்சுப் புத்தகத்தை இருபது வருஷமாகத் திருப்பித் திருப்பிப் படித்தவள் அவள்.

அந்த மடம் புதுச்சேரியில், வெள்ளைக்காரத் தெருக்களின் பக்கம், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே இருந்தது. பெயர் நமக்கு வேண்டாம், அங்கே இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. மூன்று மாதக் குழந்தையாக வாசலில் விடப்பட்ட அகஸ்டினாவை அவர்கள்தான் வளர்த்தார்கள், படிக்க வைத்தார்கள், தோ ரே மி என்று சுரம் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே வளர்கிற பெண்கள் பதினெட்டு வயதில் கல்யாணமாகி வெளியே போவது வழக்கம். அகஸ்டினாவுக்கும் ஒரு மாப்பிள்ளை வந்தான். அந்த வருஷம் கோவில் பாட்டுக்கு ஆர்மோனியம் வாசிக்க வேறு ஆளில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த வருஷமும் ஆளில்லை. கெட்டிக்காரியாக இருந்ததற்கு அவளுக்குக் கிடைத்த பரிசு அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் அவளுக்கு முப்பத்தாறு வயது. அவள் கன்னியாஸ்திரியும் இல்லை, குடும்பக்காரியும் இல்லை. மடத்து வாசலுக்குப் பகலில் பூட்டு கிடையாது. ஆனால் வெளியே போனால் எங்கே போய் நிற்பது என்று கேட்டால் அவளிடம் பதிலும் கிடையாது. வருஷத்துக்கு இரண்டு முறை, சுற்றுப்பிரகாரத்துக்கு வரிசையில் போவாள், வரிசையில் திரும்பி வருவாள். அவ்வளவுதான் அவள் கண்ட ஊர்.

அந்த வருஷம், உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தபசு காலம் தொடங்கிய முதல் வியாழக்கிழமை கிளாரினெட் பிரகாசம் அவளைப் பார்க்க வந்தார். பிரகாசம் மனைவியை இழந்தவர், கோவில் பேண்டின் தலைவர். திருநாள் பேண்டுக்கு வேண்டிய சுரத்தாள்களை மடத்தில் கொடுத்துப் பிரதி எடுத்துக்கொண்டு போவது அவர் வழக்கம். பிரதி எடுப்பது அகஸ்டினாவின் வேலை. வந்தவர்கள் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம். கால் மணி நேரம் பேசலாம். துணைக்கு ஒரு கன்னியாஸ்திரி, ஊரார் 'சேர்' என்று கூப்பிடுவது அவர்களைத்தான், பின்னல் வேலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த சேருக்குத் தமிழை மெதுவாகச் சொன்னால் புரியும். வேகமாகச் சொன்னால் புன்னகை மட்டும்தான். அதனால் பிரகாசம் வேகமாகச் சொன்னார்.

"அகஸ்டினாம்மா, மாதா திருநாளுக்குப் புதுசா எழுதணும்னு சொல்லித்தான் உள்ள வந்துட்டேன். சமாச்சாரம் அது இல்ல. நம்ம ராமதாஸ் சினிமாக் கொட்டாயில பம்பாய் ஊமைப் படம் ஒண்ணு வந்து எறங்கியிருக்குது. மந்திரவாதி, கிளியா மாறுற இளவரசன், பறக்கற கட்டிலு, எல்லாம் மாயம். எப்பவும் போல ஒரு ஆர்மோனியமும் மத்தளமும் போதாதாம். ஒம்போது பேரு ஒக்காந்து வாசிக்கணுமாம், படம் மொத்தத்துக்கும் புதுசா எழுதி."

"எழுதுண்ணே."

"எனக்கு ஊதத்தான் தெரியும். எழுத யாரு இருக்கா, உன்னை உட்டா?"

அகஸ்டினா சேரைப் பார்த்தாள். சேர் புன்னகைத்தார். அகஸ்டினாவும் புன்னகைத்தாள். முப்பத்தாறு வருஷத்தில் அவள் செய்த முதல் திருட்டுத்தனம் அந்தப் புன்னகைதான்.

எழுதுவது சரி, எவ்வளவு நேரத்துக்கு எழுதுவது? பிரகாசத்தைக் கேட்டால் ஒரு காட்சி 'கொஞ்ச நேரம்' என்றார், இன்னொன்று 'ஒரு வெத்திலை போடற நேரம்' என்றார். அவரிடம் கடிகாரம் கிடையாது. கொட்டகையில் இருந்த ஒரே கடிகாரமும் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் வெளியே தொங்கியது. அகஸ்டினா தன் ஜெபமாலையை எடுத்துக் காட்டினாள். கொட்டகைக்காரர் ராமதாஸ் படத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு பகலில் ஒரே ஒரு முறை ஓட்டப் போகிறார். அப்போது பிரகாசம் மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லி, ஒரு மந்திரத்துக்கு ஒன்றாக, காட்சிக்கு ஜெபமாலையில் எத்தனை மணி தள்ளினார் என்று குறித்து வர வேண்டும்.

பிரகாசத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "கொட்டாயில ஒக்காந்து ஜெபமாலையா? பேயி வர்ற படத்துக்கு? பாவம் இல்லியா?"

"நீ ஜெபிக்காதண்ணே. எண்ணு, போதும்."

அடுத்த வியாழன் குறிப்பு வந்தது, பழைய பேண்டுத் தாள்களின் நடுவில் மடித்து வைத்து. மந்திரவாதியின் குகை, ஆறு. இளவரசன் கிளியாவது, மூன்று. பறக்கும் கட்டில், ஒரு பத்து. அரக்கனோடு சண்டை, ஒரு பத்தும் நாலும். கடலுக்கடியில் அரண்மனை, அங்கே இளவரசி அடைபட்டுக் கிடக்கிறாள், இரண்டு பத்து. இப்படி நாற்பத்து மூன்று காட்சிகள்.

தபசு காலத்தில் மடத்து ஆர்மோனியத்தை மூடி வைத்துவிடுவார்கள். சுருதி பார்க்கக்கூட தொட முடியாது. அகஸ்டினா அந்த ஐந்து வாரமும் வாத்தியம் இல்லாமல், தன் காதுக்குள்ளேயே ஒன்பது பேரையும் உட்கார வைத்து எழுதினாள். தையல் அறையில் எழுதினாள், சாப்பாட்டு மேஜையில் விரலால் தாளம் போட்டாள். மடத்துத் தலைவியை எல்லோரும் 'மேர்' என்பார்கள். மேர் அவள் பின்னால் வந்து நின்று, மாதா திருநாளுக்கு இத்தனை தாளா என்று மெச்சிக்கொண்டு போனார். அகஸ்டினா தாள்களைக் கவிழ்த்து வைத்தாள். ஆனால் அந்த ஐந்து வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கடலுக்கடி அரண்மனைக்கு வந்தபோதுதான் கை நின்றது. பிரகாசத்திடம் ஜன்னலில் கேட்டாள், தண்ணீருக்கடியில் எப்படி இருக்கிறது என்று.

"கண்ணாடித் தொட்டியை முன்னால வச்சி எடுத்திருக்கான். மீனு குறுக்கால போவுது. அந்தப் பொண்ணு பின்னால ஒக்காந்து இருக்குது."

"அழுவுதா?"

"இல்ல. சும்மா ஒக்காந்திருக்குது."

அது போதும் அவளுக்கு. கடலை அவள் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் முப்பத்தாறு வருஷமாக அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறாள். இரண்டு பிடிலுக்கும் அடியில் டிராம்போனை மெதுவாக ஊதவிட்டு, புல்லாங்குழலை மட்டும் மேலே தனியாக விட்டாள். சும்மா உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு என்ன இசை வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மற்ற நாற்பத்திரண்டையும் அவள் மூளையால் எழுதினாள் என்றால் இதை வயிற்றெரிச்சலால் எழுதினாள்.

தபசு காலம் முடிகிற சமயத்தில் பிரகாசம் ஒரு செய்தி கொண்டு வந்தார். மதராஸில் பேசும் படம் எடுக்க ஒரு கம்பெனி தொடங்குகிறார்கள். அவர்களுக்கு இசை எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். அந்தக் கம்பெனிக்காரர் சொந்தக்காரர் வீட்டுக்குப் புதுச்சேரி வருகிறார், உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் கொட்டகையில் முதல் ஆட்டம் கேட்கப் போகிறார்.

"அண்ணே," என்றாள் அகஸ்டினா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "யாரு எழுதினதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லுவியா?"

"மாதா மேல ஆணையா சொல்றேன்."

"கூப்ட்டா நான் போவேன்."

அதற்கப்புறம் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. மதராஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்று தோட்டத்தில் வேலை செய்த அங்கம்மாளிடம் விசாரித்தாள். அங்கம்மாள் மண்வெட்டியால் வடக்கே காட்டினாள். அன்றிலிருந்து அகஸ்டினா தையல் அறையில் வடக்கு ஜன்னலோரம் உட்காரத் தொடங்கினாள்.

ஒன்பது பேரும் லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு தோப்பில் ஒத்திகை பார்த்தார்கள். படத்தோடு சேர்த்து ஒத்திகை பார்க்க வழியில்லை, படம் காட்டும் விளக்கில் எரிகிற கார்பன் குச்சியை வீணாக்க ராமதாஸ் சம்மதிக்கவில்லை. இசை அருமையாக வந்தது என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். முதல் ஆட்டத்துக்குக் கொட்டகை நிரம்பி வழிந்தது.

நடந்ததைக் கேளுங்கள். மந்திரவாதி குகைக்குள் வந்தான், போனான். குகையின் இசை போகவில்லை. இளவரசன் கிளியாகி, கிளி பறந்து, கட்டிலும் பறந்தபோது பேண்டு இன்னும் குகைக்குள்ளேயே உறுமிக்கொண்டிருந்தது. அரக்கன் தலை விழுந்த இடத்தில் தாலாட்டு கேட்டது. கல்யாணக் காட்சியில் மாப்பிள்ளை மாலையைத் தூக்க, டிரம் இடி இடித்தது. தரை டிக்கெட்காரர்கள் வேர்க்கடலைத் தொலியை அள்ளி பேண்டின் மேல் வீசினார்கள். பிரகாசம் கண்ணால் ஜாடை காட்டினார், கையால் காட்டினார். யாருக்கும் பாதியில் தாவத் தெரியவில்லை. கோவில் பேண்டுக்காரர்கள், சப்பரம் நிலைக்கு வரும்வரை தாளில் இருப்பதை வாசித்துத்தான் பழக்கம். படம் முடிந்து திரை வெள்ளையானபோது அவர்கள் இருபத்தோராம் காட்சியில் இருந்தார்கள். மதராஸ்காரர் அதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வியாழன் இல்லை. இருந்தும் பிரகாசம் அவசர வேலை என்று சொல்லி ஜன்னலுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினார். அகஸ்டினா தாள்களைப் பார்த்தாள். கணக்கில் தப்பே இல்லை.

"அண்ணே, கொட்டாயில எண்ணினியே, அதே மாதிரி ஒரு மந்திரம் சொல்லு."

பிரகாசம் சொன்னார். ஒரே மூச்சு. கூடவே அவளும் ஆரம்பித்துப் பாதிக்கு வருவதற்குள் அவர் ஆமென் சொல்லிவிட்டார்.

"இப்பிடியா சொல்லுவ?"

"ஊருல எல்லாரும் இப்பிடித்தாம்மா சொல்றோம். வேலைவெட்டி இருக்குதே."

அகஸ்டினா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மடத்தில் பாதிப்பேர் இழுத்துத் தொடங்க, பாதிப்பேர் இழுத்து முடிப்பார்கள். நடுவில் ஒரு மூச்சு விடுவார்கள். ஜெபம் என்றால் உலகம் முழுக்க அந்த வேகம்தான் என்று நினைத்து, அந்தக் கணக்கிலேயே எழுதியிருந்தாள். வெளியில் இருக்கிறவர்கள் எப்படி ஜெபிக்கிறார்கள் என்பதே தெரியாமல், வெளியில் போய் வேலை பார்க்கக் கிளம்பியவளை என்ன சொல்வது? அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மதராஸ்காரரு எப்ப போறாரு?"

"வெள்ளிக்கிழமை."

இரண்டே நாளில் அவள் நாற்பத்து மூன்று காட்சிகளையும் பாதியாக வெட்டினாள். மற்றவற்றை வெட்டும்போது வலிக்கவில்லை. கடலுக்கடி அரண்மனையில் புல்லாங்குழல் திரும்பி வருகிற இடத்தை அடித்தபோது அழுதாள், தாளில் படாமல் அழுதாள், மசி கலைந்துவிடக்கூடாதே. வியாழக்கிழமை ஆட்டத்துக்கு மதராஸ்காரரை பிரகாசம் காலில் விழாத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இந்த முறை கட்டில் எழும்பியபோது பிடிலும் எழும்பியது. அரக்கன் விழுந்தபோது டிரம்மும் விழுந்தது. கடலுக்கடி அரண்மனை வந்தபோது தரை டிக்கெட்டில் ஒருவரும் வேர்க்கடலை உரிக்கவில்லை. பிள்ளைச்சாவடியிலிருந்து வந்திருந்த இருசப்பன் என்ற மீனவர், முந்தின வருஷம் கட்டுமரம் கவிழ்ந்து முங்கிப் பிழைத்தவர், எழுந்து நின்றே விட்டார். "டேய், தண்ணிக்குள்ள நான் கேட்டது இதாண்டா!" என்று கத்தினார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. இதை பிரகாசம் மறுநாள் சொன்னபோதுதான் அகஸ்டினாவுக்குத் தெரிந்தது.

பிரகாசம் பொய் சொல்லியிருந்தால் அவரைத் திட்டவாவது திட்டலாம். அவர் சொன்ன சொல் தவறவில்லை. வெள்ளிக்கிழமை காலை மதராஸ்காரரை மடத்துக்கே அழைத்து வந்து, மேர் முன்னால், இதோ இவள்தான் எழுதினாள் என்றார். மேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜெபப் புத்தகங்களைப் படித்துத் தமிழ் கற்றவர் அவர். கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கோபப்படவில்லை.

"மகளே, என்னிடம் மறைத்தாய். அதை மன்னித்தேன். இப்போது உன் விருப்பம் யாது?"

"நான் மதராஸ் போறேன், மேர்."

"போகலாம். கதவு திறந்தே இருக்கிறது. எங்கே தங்குவாய்?"

அகஸ்டினா மதராஸ்காரரைப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர், மரியாதையாகவே பேசினார். "நான் எழுதினவரு ஆம்பளைன்னு நெனைச்சி வந்தேம்மா. அங்க பதினாலு பேரு, எல்லாம் ஆம்பளைங்க. கண்ட நேரத்துல வேலை. மடத்துல வளந்த புள்ளைய அங்க கொண்டுபோயி எங்க வைக்கறது? நாளைக்கி ஒண்ணுன்னா நான்தான பதில் சொல்லணும்?" சொல்லிவிட்டு பிரகாசத்தைப் பார்த்தார். பிரகாசம் மனைவி இல்லாதவர், அவர் வீட்டிலும் அவள் தங்க முடியாது. அவர் தரையைப் பார்த்தார்.

ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. பிரகாசம் மதராஸ் போவார், பேண்டை நடத்துவார். அகஸ்டினா இங்கேயே பத்திரமாக இருந்து எழுதுவாள், தபாலில் போகும். மேருக்குத் திருப்தி, மதராஸ்காரருக்கு நிம்மதி, பிரகாசத்துக்கு வேலை. ஆளாளுக்கு அவள் தலையைத் தொட்டு ஆசீர்வதிக்காத குறை. உனக்குச் சந்தோஷம்தானே என்று மேர் கேட்டார்.

"அந்தப் படத்தை ஒரு தடவை பாக்கலாமா?" என்றாள் அகஸ்டினா.

படப்பெட்டி காலை ரயிலில் விழுப்புரம் போய்விட்டது என்றார் பிரகாசம். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகு ஏழு வருஷம், ஆறு பேசும் படங்கள், அதில் நான்கு மாயப்படங்கள். திரையில் பிரகாசத்தின் பெயர் வந்தது. ஆரம்பத்தில் அவர் கடிதங்கள் நீளமாக இருந்தன, பூதம் எப்படிச் சிரிக்கிறது, தேவலோகத்துப் படிகள் எத்தனை என்றெல்லாம் எழுதினார். ஸ்டூடியோவில் நிமிஷமும் செகண்டும் காட்டுகிற கடிகாரம் வந்துவிட்டது. போகப்போக அவருக்கும் நேரமில்லை. 'அழுகை, இரண்டு நிமிஷம். சண்டை, மூன்று நிமிஷம். பறப்பது, ஒன்றரை.' கதை என்ன, யார் அழுகிறார்கள், ஏன் அழுகிறார்கள், ஒன்றும் தெரியாது. அகஸ்டினா எழுதி அனுப்பினாள். நன்றாகத்தான் இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

முப்பத்தெட்டில் ஆறாவது படத்துக்குக் குறிப்பு வந்தது. பத்தொன்பது இடங்கள். பதினெட்டுக்கு எழுதினாள். பதினேழாவதாகக் குறித்திருந்த இடம் மட்டும் மிச்சம், 'அரசகுமாரி அரண்மனையை விட்டு வெளியேறுகிறாள், ஒரு நிமிஷம்.' அந்த இடத்துக்கு அவள் பதினாலு வாத்தியத்துக்கும் பதினாலு தாள் அனுப்பியிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிஷத்துக்கு வெறும் மௌனக் குறி.

பிரகாசம் ரயிலேறி வந்துவிட்டார். தலை நரைத்திருந்தது, கையில் கடிகாரம் கட்டியிருந்தார். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தாள்களை நீட்டினார்.

"இன்னாம்மா இது? மறந்துட்டியா? உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"மறக்கலண்ணே. ஒரு மாசம் ஒக்காந்து பாத்தேன்." அகஸ்டினா தாள்களை வாங்கி அடுக்கி, கம்பி வழியாகத் திருப்பிக் கொடுத்தாள். "ஆகாசத்துல பறக்கறது எழுதினேன். தண்ணிக்கடியில கெடக்கறது எழுதினேன். பூதத்தோட சண்டை போடறது எழுதினேன். வாசப்படி தாண்டி வெளிய போற பொண்ணு காதுல இன்னா கேக்கும்னு எனக்குத் தெரியல. நீ தெனம் தாண்டற. இத நீயே எழுதிக்கோ."